அட்டை கையில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறதா?

ஓட்டுப் போட வருபவரிடம் அடையாள அட்டை கேட்கலாமா, கூடாதா என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதே கேள்வியைச் சிங்கப்பூரின் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஐசி காட்டாமல் எப்படி ஓட்டுப் போடுவது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். ஐசி என்பது இங்குள்ள அடையாள அட்டை. அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வேறொரு நாட்டில் பொருத்தினால் அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதைப் புரிந்துகொண்டால், நம் ஊரில் ஒருவருடைய ஓட்டு எங்கே கைநழுவிப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே பிறந்த குடிமகனுக்கு 15 வயது ஆனதும் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்வது சட்டப்படி கட்டாயம். 1965ல் இயற்றப்பட்ட தேசியப் பதிவுச் சட்டம் சொல்வது அது. 30 வயதிலும் 55 வயதிலும் மறுபடி பதிய வேண்டும். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். ஆக, 21 வயதில் ஓட்டுரிமை வரும்போது அந்தப் பிள்ளையின் கையில் அட்டை வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கும். வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. அடையாள அட்டைப் பதிவில் உள்ள முகவரியைக் கொண்டு தேர்தல் துறையே பெயரைத் தொகுதிவாரியாகச் சேர்த்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் "அட்டையைக் காட்டு" என்கிறார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

கொடுக்காமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். பிரிட்டனில் எல்லாரும் வைத்திருக்க வேண்டிய தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. 2022ல் சட்டம் வந்தது, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்து முழுக்கப் படமுள்ள அட்டை கேட்டார்கள். சுமார் 14,000 பேர் அட்டை இல்லாமல் வந்து, திரும்பிப் போய், மறுபடி வரவே இல்லை என்று அங்குள்ள தேர்தல் ஆணையம் கணக்குச் சொன்னது. ஓட்டுப் போட வந்தவர்களில் இது 0.25 விழுக்காடுதான். ஆனால் அட்டை இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இலவச வாக்காளர் சான்றிதழ் ஒன்று உண்டு, அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது வாக்காளரின் வேலை. முதியோர் பேருந்து அட்டை செல்லும், இளையோர் ரயில் சலுகை அட்டை செல்லாது. எந்த அட்டை செல்லும் என்று தீர்மானிக்கும் இடத்திலேயே யார் சுலபமாக உள்ளே வரலாம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2011ல் கொண்டுவந்த சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லுபடியானது, பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லுபடியாகவில்லை.

இந்தியாவில் சிக்கல் வேறு மாதிரி. டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993ல் படமுள்ள வாக்காளர் அட்டை தொடங்கியது. அந்த அட்டை கையில் இல்லாவிட்டாலும் ஆதார், பான், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று மாற்று ஆவணங்கள் பல உண்டு. சாவடி வாசலில் தாராளம்தான். ஆனால் பட்டியலில் பெயர் இல்லையென்றால் எத்தனை அட்டை இருந்தும் பயனில்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று பீகாரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். விடுபட்ட பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லியும், பிறகு ஆதாரையும் ஆவணமாக ஏற்கச் சொல்லியும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சண்டை நடப்பது பட்டியலில்தான், வாசலில் இல்லை. சிங்கப்பூருக்கும் இது பொருந்தும்.

பட்டியலின் வலிமை என்ன என்பதை நம் சொந்த வரலாறே காட்டுகிறது. 1948ல் இங்கே முதல் தேர்தல் நடந்தபோது தாமாக முன்வந்து பதிந்துகொண்டவர்களுக்குத்தான் ஓட்டு. சுமார் 22,000 பேர்தான் பதிந்தார்கள். 1951ல் அது ஏறக்குறைய 48,000. பதிவைத் தானியக்கமாக்கிய பிறகு 1955ல் வாக்காளர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தொட்டது. நான்கே ஆண்டில் ஆறு மடங்கு! மக்கள் திடீரென்று அரசியலில் ஆர்வம் கொண்டுவிட்டார்கள் என்பதில்லை. படிவம் நிரப்பும் பாரம் அவர்கள் தோளிலிருந்து இறங்கியது, அவ்வளவுதான். 1959ல் வாக்களிப்பு கட்டாயமானதும், பாதியைச் சற்றே தாண்டியிருந்த வாக்களிப்பு விகிதம் 90 விழுக்காடாக உயர்ந்தது. அடையாள அட்டை பற்றி யார் என்ன வாதம் செய்தாலும் 22,000, 48,000, 3 லட்சம் என்ற இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எல்லாம் தானாகவே நடக்கிறது என்றால் இங்கே எது தவறிப்போகும்? நான்கு இடங்களில் தவறும்.

முதலாவது, முகவரி. வீடு மாறினால் 28 நாட்களுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் புது முகவரியைப் பதிய வேண்டும். மகன் வீட்டுக்குப் போய்விட்ட பெற்றோர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டுப் புது வீடு கட்டி முடியும் வரை வாடகைக்கு இருக்கும் தம்பதி போன்றவர்கள்தான் இதைத் தள்ளிப்போடுவார்கள். பதியாவிட்டால் வாக்களிப்பு அட்டை பழைய வீட்டு அஞ்சல் பெட்டியில் போய் விழும். ஓட்டும் பழைய தொகுதியில்தான். பொங்கோலில் குடியிருப்பவர் ஓட்டுப் போட ஈசூனுக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் ஒரே ஒரு குறிப்பிட்ட வாக்களிப்பு நிலையத்துக்கு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று இன்னொரு நிலையத்தில் நுழைய முடியாது.

நீங்கள் நகராமல் இருந்தாலும் எல்லைக்கோடு நகரலாம். 2025 மார்ச் 11 அன்று வெளியான தேர்தல் எல்லை மறுஆய்வுக் குழு அறிக்கைக்குப் பிறகு பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகள் 18, ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிகள் 15 என்று வரைபடமே மாறியது. சென்ற முறை போன பள்ளிக்கூடத்துக்கே இந்த முறையும் பழக்கத்தில் நடந்து போகாதீர்கள். வாக்களிப்பு அட்டையில் நிலையத்தின் பெயரும் முகவரியும் இருக்கும், அதைப் படியுங்கள். பெரும்பாலும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளம் அல்லது பக்கத்துப் பள்ளி மண்டபமாக இருக்கும். அட்டை தொலைந்தாலும் கவலை வேண்டாம், மின்வடிவ வாக்களிப்பு அட்டை, அரசின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸிலேயே இருக்கும்.

இரண்டாவது, தகுதித் தேதி. 2025 பொதுத்தேர்தலுக்கான பட்டியல் அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் தேதி நிலவரப்படி திருத்தப்பட்டது. அன்று 21 வயது நிறைந்திருந்தவருக்கு ஓட்டு. பிப்ரவரி 5 அன்று 21ஐத் தொட்டவர், வாக்களிப்பு நாளான மே 3 அன்று 21 வயது மூன்று மாதமாக இருந்தும் ஓட்டுப் போட முடியவில்லை. அந்தப் பிள்ளையின் கையில் ஐசி இருந்தது, வயது இருந்தது, பெயர் மட்டும் இல்லை. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களும் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். பட்டியலைத் திருத்திப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது சமூக மன்றங்களிலோ, தேர்தல் துறை இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாகவோ பெயரைச் சரிபார்க்கலாம். கோரிக்கையோ ஆட்சேபமோ எழுப்ப வேண்டியது அந்த நேரத்தில்தான். வாக்களிப்பு நாளன்று நிலைய அதிகாரியிடம் முறையிட்டுப் பயனில்லை, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

மூன்றாவது, வெளிநாட்டில் இருப்பது. வெளிநாட்டு வாக்களிப்புக்கான சட்டம் 2001ல் வந்தது, 2006ல்தான் முதலில் பயன்பட்டது. தகுதித் தேதிக்கு முந்தைய 3 ஆண்டுகளில் மொத்தம் 30 நாட்களாவது சிங்கப்பூரில் தங்கியிருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம், ஒரே மூச்சில் 30 நாள் தேவையில்லை. பதிந்துகொண்டால் லண்டன், துபாய், ஹாங்காங், தோக்கியோ, நியூயார்க் போன்ற நகரங்களில் உள்ள நிலையங்களில் வாக்களிக்கலாம். சென்னையிலோ கோலாலம்பூரிலோ நிலையம் இல்லை. அங்கே வேலை பார்க்கும் சிங்கப்பூரர்களுக்கு நிஜமான உதவி, 2023 அதிபர் தேர்தலில் தொடங்கிய அஞ்சல்வழி வாக்களிப்பு. வாக்குச்சீட்டையும் திருப்பி அனுப்பும் உறையையும் இணையத்திலிருந்து இறக்கி நாமே அச்சிட வேண்டும். குறியிட்டு அனுப்பிய உறையில் அஞ்சல் முத்திரை வாக்களிப்பு நாளுக்கு முந்தைய நாளுக்குள் விழுந்திருக்க வேண்டும், உறை வாக்களிப்பு நாளுக்குப் பிறகு 10 நாட்களுக்குள் சிங்கப்பூர் வந்து சேர வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்துதான் செல்லும். தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டால் முத்திரை எப்போது விழும் என்பது நம் கையில் இல்லை. அதனால் அஞ்சலகத்துக்கே போய், முகப்பில் கொடுத்து, தேதி தெளிவாகத் தெரியும்படி முத்திரை குத்தச் சொல்லுங்கள்.

இங்கே நீல ஐசி வைத்திருக்கும் இந்தியக் குடிமக்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் சிங்கப்பூரில் ஓட்டு கிடையாது, ஊரில் உண்டு. படிவம் 6ஏ நிரப்பி வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். ஆனால் வாக்களிப்பு நாளன்று சொந்தத் தொகுதிச் சாவடிக்கு நேரில் போய் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். தேர்தல் நாளுக்காக விமானச் சீட்டு வாங்குவது எல்லாருக்கும் முடிகிற காரியமா? உரிமை இருந்தும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்திய ஓட்டு போய்விடுகிறது, இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை ஓட்டுரிமை தராது. பழைய வாக்காளர் அட்டை பெட்டியில் கிடக்கிறதே என்று அதைக் கொண்டுபோய் ஓட்டுப் போடுவது குற்றம். ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது இடத்துக்குப் போகுமுன் நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வயதானவர்களுக்குப் பயம் வருவது அங்கேதான்.

நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை. கொண்டுபோக வேண்டியவை ஐசி அல்லது கடவுச்சீட்டு, கூடவே வாக்களிப்பு அட்டை. சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க ஐசியும் ஏற்கப்படுகிறது. ஆனால் மின்கலம் தீர்ந்துபோனால் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. ஆகவே பெரியவர்கள் அட்டையையே எடுத்துப் போவது நல்லது. அதிகாரி ஐசியை வருடியதும் திரையில் உங்கள் பெயரும் பட்டியல் எண்ணும் வரும். இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். ஐசி எண் என்பது பெயரைப் போல ஓர் அடையாளம்தான், சான்று ஆகாது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளம் ஒன்றில் முழு ஐசி எண்கள் எல்லாருக்கும் தெரியும்படி வந்தபோது எழுந்த பெரிய விவாதத்தின் சாரமும் அதுவே. எண்ணைச் சொன்னால் பட்டியலில் வரியைக் கண்டுபிடிக்கலாம். வந்திருப்பவர் அவர்தான் என்று சொல்வது அட்டையும் அதிலுள்ள முகமும். 55க்குப் பிறகு அட்டையைக் கட்டாயமாகப் புதுப்பிக்கச் சொல்வதில்லை என்பதால், 80ஐத் தாண்டியவரின் அட்டையில் பல பத்தாண்டுக்கு முந்தைய முகம் இருக்கலாம். படம் மங்கியோ அட்டை வளைந்தோ இருந்தால் தேர்தல் வரும் வரை காத்திராமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து வாக்குச்சீட்டு. புத்தகம் போல் கட்டிய கட்டிலிருந்து அதிகாரி ஒரு சீட்டைக் கிழித்துத் தருவார். கையில் வருவதில் ஒரு வரிசை எண் இருக்கும், கட்டிலேயே தங்கும் அடிக்கட்டையிலும் அதே எண். அடிக்கட்டையில் உங்கள் பட்டியல் எண்ணையும் எழுதுவார்கள். "பார்த்தியா, எண் போட்டிருக்கான், யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சுடும்" என்று பல வீடுகளில் இன்னமும் பேசுவது இதை வைத்துத்தான். அந்த எண் எதற்கு என்பதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். கள்ளச்சீட்டு கலக்காமல் இருக்கவும், ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போட்டுவிட்டதாக வழக்கு வந்தால் அதைத் தேடிப் பிடிக்கவும்தான் அது. எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிட்ட பெட்டிகளில் உச்ச நீதிமன்றப் பாதுகாப்பு அறைக்குப் போகின்றன. 6 மாதம் அங்கே பூட்டிக் கிடந்து பிறகு எரிக்கப்படுகின்றன. இடையில் பெட்டியைத் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும். 1948லிருந்து இன்றுவரை அப்படி ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டதே இல்லை. ஐசி கேட்பதைவிட இந்த எண்ணைப் பற்றிய பயம்தான் நம்மவர்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அட்டை விவாதத்தில் இது பேசப்படுவதே இல்லை.

குறியிட மைபதித்த பெருக்கல் குறிப் பேனா வைத்திருப்பார்கள், 2020ல் வந்தது. கை நடுங்குகிறவர்களுக்கு அழுத்தினால் போதும். உங்கள் சொந்தப் பேனாவிலும் பெருக்கல் குறி போடலாம். குறி கட்டத்தைச் சற்றுத் தாண்டினாலும் யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் செல்லும். கையெழுத்துப் போட்டாலோ பெயர் எழுதினாலோ செல்லாது, ஏனென்றால் போட்டவர் யார் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

பார்வையற்றவர்களுக்குத் தொட்டுணரும் சாதனம் உண்டு. வாக்குச்சீட்டைச் செருகினால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வெட்டுத்துளை வரும்படி அமைந்த தகடு அது. விரலால் எண்ணிப் பார்த்துத் தாமே குறியிடலாம். அதற்கு முன் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி அவர் குறியிட வேண்டியிருந்தது. கையால் குறியிடவே முடியாதவர்களுக்கு இன்றும் அதிகாரிதான் உதவுவார், அவர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்தவர். மகனோ மகளோ கூட நின்று போட்டுக்கொடுக்க முடியாது. பாசத்தோடு கூட வரும் பிள்ளைகளுக்கு இது கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் அம்மாவின் ஓட்டு அம்மாவுடையதாகவே இருப்பதற்கு இதுதான் வழி. தாதிமை இல்லங்கள் சிலவற்றில் படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் வாக்குப்பெட்டியையே கொண்டுபோகும் ஏற்பாடு 2023 அதிபர் தேர்தலில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. நம் குடும்பங்களில் முதியவர்களை இல்லத்தில் சேர்ப்பதைவிட வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது அதிகம், அதனால் அடுத்த படியாக இதைத்தான் கேட்க வேண்டும்.

2020 ஜூலை 10 நினைவிருக்கும். நோய்த்தொற்றுக் காலம், கையுறை மாட்டி ஓட்டுப் போடச் சொன்னார்கள், வரிசை நகரவில்லை. பகலிலேயே கையுறை விதியைக் கைவிட்டார்கள், வாக்களிப்பு நேரத்தை இரவு 10 மணி வரை நீட்டினார்கள். அட்டையும் பெயரும் எல்லாம் சரியாக இருந்தும், வாசலில் கூடுதலாகச் சேர்ந்த அரை நிமிட வேலை ஒரு நாட்டின் தேர்தல் நேரத்தையே மாற்றியது. அடையாளச் சோதனை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் வாக்களிக்கும் வாய்ப்பைச் சேர்ந்த விஷயமே.

இனி நான்காவது இடம், மிகவும் கவனிக்க வேண்டியது. போன முறை ஓட்டுப் போடாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தகுந்த காரணம் இருந்தால் இலவசமாகத் திரும்பச் சேர்ப்பார்கள். வெளிநாட்டில் வேலை அல்லது படிப்பு, அங்கே பணிபுரியும் கணவன் அல்லது மனைவியோடு இருந்தது, விடுமுறைப் பயணம், நோய், பிரசவம் எல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்ட வேண்டும். தொகை பெரிதில்லை. பெரிதாக இருப்பது நேரம். தேர்தல் ஆணை, அதாவது தேர்தல் நடத்தச் சொல்லும் உத்தரவு, வெளியான பிறகு பெயரைச் சேர்க்க முடியாது. 2025ல் ஆணை ஏப்ரல் 15, வேட்புமனு ஏப்ரல் 23, வாக்களிப்பு மே 3. ஊரெங்கும் பதாகை கட்டித் தேர்தல் பேச்சுக் கிளம்பி, "நாமும் போடுவோம்" என்று ஒருவருக்குத் தோன்றும்போது கதவு சாத்தியாகியிருக்கும். உங்கள் தொகுதியில் போட்டியே இல்லாமல் போனால், 2025ல் மரீன் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் ஆனதைப் போல, பெயர் நீங்காது. போட்டி இருந்து நீங்கள் போகவில்லை என்றால்தான் நீங்கும்.

பெயரை நீக்குவதற்குப் பதில் அபராதம் மட்டும் போட்டுவிட்டுப் பட்டியலில் வைத்திருக்கலாம், ஆஸ்திரேலியாவைப் போல. அங்கே வாக்களிப்பு கட்டாயம், வராதவருக்கு அபராதம், பெயர் அப்படியே இருக்கும், சாவடியில் அடையாள அட்டையும் கேட்பதில்லை. ஓட்டுப் போடாததற்குத் தண்டனையாக ஓட்டையே எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் மாறும் வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யார் யார் 2025ல் போகவில்லை என்று கேளுங்கள். மருத்துவமனையில் இருந்த தாத்தா, துபாயில் வேலை பார்த்த அண்ணன், பிரசவத்துக்குப் போயிருந்த அக்கா. தேர்தல் துறை தளத்தில் சிங்பாஸ் கொண்டு நுழைந்து அவரவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே விண்ணப்பம் இருக்கும். காரணத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். தாத்தாவுக்குச் சிங்பாஸ் இல்லையென்றால் அவருடைய ஐசியை எடுத்துக்கொண்டு சமூக மன்றத்துக்குக் கூட்டிப் போங்கள், அடுத்த தேர்தல் ஆணை எந்த நாள் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.